செல்ஃப் எடுக்காத காரில் புது செல்ஃப் மோட்டார் மாட்டுவதற்கு முன்

செல்ஃப் மோட்டார் என்பது சாவியைத் திருப்பியதும் இஞ்சினைச் சுற்றிவிடும் மோட்டார். அதைச் சோதிக்கப் புதிதாக மல்டிமீட்டர் பிடிப்பவர்கள் விழும் குழி பெரும்பாலும் ஒன்றுதான். சாவியைத் திருப்புகிறார்கள். "டக்" என்று ஒரு சத்தம், இஞ்சின் சுற்றவில்லை. பேட்டரியில் மீட்டரை வைத்தால் 12.6 வோல்ட். "பேட்டரி நல்லாத்தான் இருக்கு, அப்ப மோட்டார் போச்சு" என்று கழற்றிவிடுகிறார்கள். புது மோட்டார் ஏறுகிறது. சாவியைத் திருப்பினால் மறுபடி அதே "டக்".

டெர்மினல் லூஸாக இருப்பது, கியர் நியூட்ரலில் இல்லாதது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுவோம். கீழே உள்ள ஒவ்வொரு தலைப்பும் அடிக்கடி நடக்கும் ஒரு தவறு.

சத்தத்தைக் கேட்காமல் ஸ்பேனரை எடுப்பது

"ஸ்டார்ட் ஆகலை" என்று வரும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது, இஞ்சின் சுற்றுகிறதா என்பதைத்தான். வழக்கமான வேகத்தில் சுற்றியும் பற்றவில்லை என்றால் பேட்டரி, செல்ஃப், தடித்த கேபிள்கள் எதிலும் கை வைக்க வேண்டாம். ஃபியூவல் பம்ப் ரிலே (சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), கிராங்க் சென்சார் (இஞ்சின் சுற்றுவதை உணர்வது), இக்னிஷன், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் வண்டி ஓடாதபடி தடுக்கும் அமைப்பு) ஆகியவற்றின் பக்கம் போங்கள்.

சுற்றவே இல்லை என்றால் சத்தம்தான் வழிகாட்டி. "டக டக டக" என்று விடாமல் அடித்தால், சாலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்குப் பெரிய கரண்ட்டை இணைத்துவிடும் மின்காந்த சுவிட்ச்) இழுக்கிறது, இழுத்ததும் வோல்டேஜ் சரிந்து விட்டுவிடுகிறது. பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினலில் பிடிப்பு இல்லை. ஒரே ஒரு "டக்" என்றால் சாலினாய்டு இழுத்தாகிவிட்டது, ஆனால் மோட்டாருக்குப் போதிய கரண்ட் போகவில்லை, அல்லது மோட்டாரோ இஞ்சினோ இறுகிவிட்டது. சத்தமே இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் சிறிய வயர்களின் பக்கம்: இக்னிஷன் சுவிட்ச், ஸ்டார்ட்டர் ரிலே, கிளட்ச் அல்லது நியூட்ரல் சுவிட்ச்.

லோடு இல்லாமல், அதாவது பெரிய கரண்ட் ஓடாதபோது அளந்துவிட்டு "வோல்டேஜ் வருது" என்பது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு இதுதான். மோட்டாரின் பெரிய போல்ட்டில் மீட்டரை வைத்துப் பார்த்தால் 12.6 காட்டும். கேபிள் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா? இல்லை. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் 10 மெகா ஓம். அது இழுக்கும் கரண்ட் ஒரு மைக்ரோஆம்பியருக்குச் சற்று மேல். பெட்ரோல் காரின் செல்ஃப் இழுப்பதோ 100 முதல் 200 ஆம்பியர். டீசலில் இன்னும் அதிகம். உப்பு பூத்த ஒரு இணைப்பில் வெறும் 0.01 ஓம் இருந்தாலும், 150 ஆம்பியர் ஓடும்போது 1.5 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். மீட்டர் மட்டும் அளக்கும்போது எதுவும் தொலையாது. அதனால் எதுவும் தெரியாது.

ஓம் ரேஞ்சில் வைத்துப் பார்ப்பதும் உதவாது. மீட்டர் வயர்களின் ரெசிஸ்டன்ஸே அந்த 0.01 ஓமைவிடப் பல மடங்கு. கேபிளுக்குள் எல்லா இழையும் அறுந்து ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் பஸ்ஸர் "பீப்" என்று நல்ல சர்டிஃபிகேட் கொடுத்துவிடும்.

அளக்க வேண்டியது வோல்டேஜ் டிராப், அதாவது வழியில் தொலையும் வோல்ட்; அதுவும் கரண்ட் ஓடும்போது. ஃபியூவல் பம்ப் ஃபியூஸைக் கழற்றி, வண்டி பற்றாதபடி செய்துகொள்ளுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருவர் சாவியைத் திருப்பட்டும். ஒவ்வொரு முறையும் 3 முதல் 5 விநாடி போதும்.

முதலில் பேட்டரியின் இரண்டு கம்பங்களிலும். கம்பத்தைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில் வைக்காதீர்கள், ஈயக் கம்பத்திலேயே வையுங்கள். சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. அடுத்து, பாசிட்டிவ் கம்பத்துக்கும் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் இடையே: 0.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அந்தப் பக்கம் கோளாறு. மூன்றாவது, நெகட்டிவ் கம்பத்துக்கும் மோட்டாரின் உடம்புக்கும் இடையே. இதைத்தான் பாதிப் பேர் அளப்பதே இல்லை. இங்கே 0.2 வோல்ட்டைத் தாண்டினால் சந்தேகப்படுங்கள்.

ஒரு கணக்கு: பேட்டரியில் 10.8, பாசிட்டிவ் பக்கம் 0.3, எர்த் (நெகட்டிவ்) பக்கம் 2.1. மோட்டாருக்கு மிஞ்சுவது 8.4 வோல்ட். எத்தனை புது மோட்டார் மாட்டினாலும் அதற்கும் 8.4தான் கிடைக்கும்.

டிராப் அதிகமாக இருக்கும் பக்கத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து அளந்துகொண்டே போங்கள்: கம்பம்–கிளாம்ப், கிளாம்ப்–கேபிள், கேபிள்–இஞ்சின் பிளாக். ஒரு இணைப்பில் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்தாக வேண்டும். சாவியைத் திருப்பும்போது 12 வோல்ட்டும் ஒரே துண்டில் காட்டினால் அது அங்கே அறுந்தே போயிருக்கிறது.

கிளட்ச் வேலை முடிந்து வந்த வண்டி என்றால் இஞ்சின் எர்த் பட்டையைத்தான் முதலில் பாருங்கள். போல்ட்டை முடுக்க மறந்திருப்பார்கள், அல்லது பெயின்ட் மேலேயே வைத்து முடுக்கியிருப்பார்கள். அப்போது கரண்ட் கிடைத்த வழியில் ஓடும். ஆக்சிலரேட்டர் கேபிளோ கியர் கேபிளோ சூடாகிப் புகைவது இதனால்தான். பெயின்ட்டைச் சுரண்டி, உலோகத்தோடு உலோகம் படும்படி முடுக்கி, அதன் பிறகு மேலே கிரீஸ் தடவ வேண்டும்.

இதில் உண்மையிலேயே எரிச்சலூட்டுவது வேறு. சில நேரம் மோட்டாரை மாற்றியதும் வண்டி எடுத்துவிடும்! பெரும்பாலான கார்களில் மோட்டாருக்கு எர்த் கிடைப்பது அதன் மவுண்டிங் முகம் வழியாகத்தான். மாற்றும்போது அந்த முகமும் போல்ட்டுகளும் தானாகச் சுத்தமாகிவிடுகின்றன. நல்ல மோட்டார் காயலான் கடைக்குப் போகிறது; மாற்றியவர் தன் கணிப்பு சரி என்று நம்பி அடுத்த வண்டியிலும் அதையே செய்கிறார்.

சார்ஜரிலிருந்து எடுத்த கையோடு அளப்பது

அப்போது காட்டும் 13 வோல்ட் மேலோட்டமான சார்ஜ். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு, அணைத்துச் சில நிமிடம் கழித்து அளந்தால் உண்மை வெளிவரும். 12.4 என்றால் சுமார் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம்.

பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போடுவது

அடுத்து எரிவது வயர்.

இஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிப்பது

வோல்டேஜ் எகிறி இசியூ (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) போகும். ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.7 வோல்ட் வருகிறதா என்று பார்த்தாலே போதும்.

ரிலே "கிளிக்" என்றது, அதனால் நல்லது என்பது

கிளிக் என்பது ரிலேயின் உள்ளே இருக்கும் காயிலின் சத்தம், அதாவது 85, 86 என்று எண் போட்ட பின்கள். கரண்ட் போவது 30, 87 வழியாக. அந்தக் கான்டாக்ட் கருகியிருந்தாலும் சத்தம் வரும். ரிலேயைக் கழற்றி, சாக்கெட்டின் 30இல் டெஸ்ட் லேம்ப் எரிகிறதா பாருங்கள். எரிந்தால், கியர் நியூட்ரலில் இருப்பதை மறுபடி உறுதி செய்துகொண்டு, 30ஐயும் 87ஐயும் ஃபியூஸ் உள்ள வயரால் ஒரு கணம் இணையுங்கள். இஞ்சின் சுற்றினால் மோட்டாரும் தடித்த கேபிள்களும் சரி. ரிலேயையும் அதற்கு வரும் சிக்னலையும் தேடுங்கள். ஹார்ன் ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்ப்பதென்றால் பாகத்தின் எண்ணும் மேலே உள்ள பின் படமும் ஒன்றாக இருக்க வேண்டும். சிலவற்றில் உள்ளே டையோடு இருக்கும்.

சாவி விளக்கு மின்னுவதைக் கவனிக்காமல் வயரிங்கைப் பிரிப்பது

இஞ்சின் பற்றி, ஒரு விநாடி ஓடி, உடனே அணைந்து, டேஷ்போர்டில் சாவி படம் போட்ட விளக்கு மின்னினால் அநேகமாக இம்மொபிலைசர். முதலில் இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். அதில் ஓடினால் பழைய சாவியின் சிப்பைத்தான் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஓடாவிட்டால் சாவித் துளையைச் சுற்றியுள்ள ஆன்டெனா வளையத்தின் கனெக்டரைப் பாருங்கள். ஸ்டியரிங் கவரைக் கழற்றிய வண்டிகளில் அது சரியாகச் செருகப்படாமல் இருப்பதுண்டு.