மாடிப் பசுங்கூரை: செடிக்கு முன் தண்ணீர் போகும் வழி

சென்னையில் மொட்டை மாடிக்குப் பச்சை போர்த்த நினைப்பவர்கள் நேராக நர்சரிக்குப் போய்விடுகிறார்கள். டேபிள் ரோஸ் நாற்று, நிழல்வலை, ஒரு லோடு செம்மண் எல்லாம் ஒரே நாளில் மாடி ஏறிவிடும். மே மாத வெயிலுக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். நவம்பருக்கு யாரும் பயப்படுவதில்லை. நகரத்தின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். தரையோடு படரும் அலங்காரச் செடிகள் இங்கே காய்ந்து சாவதைவிட அழுகிச் சாவதே அதிகம் என்பது என் எண்ணம்.

முதல் தவறு எடையில். ஆட்கள் ஏறி நடமாடும் தட்டைக் கூரைக்கு ஐஎஸ் 875 என்ற இந்தியத் தரநிலை வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது சதுர அடிக்குச் சுமார் 14 கிலோ. செம்மண்ணை 4 அங்குலம் பரப்பி, அது மழையில் ஊறினால் சதுர அடிக்கு 17, 18 கிலோ வந்துவிடும். செடியும், அதைப் பார்க்க வரும் உறவினர் கூட்டமும் அதற்கு மேல். காய்ந்த மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ‘இது தாங்கும்’ என்று சொல்லும் மேஸ்திரியை நம்பாதீர்கள். கணக்கைக் கட்டடப் பொறியாளர் போடட்டும். ஊறிய மண்ணுக்குப் போடட்டும். மரச்சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் இந்த எண்ணமே வேண்டாம்.

அடுத்தது கசிவு. மண்ணைப் பரப்பிய பிறகு கசிவு எங்கே என்று தேடுவது பெரும்பாடு. அதற்கு முன்பே மழைநீர்க் குழாய்களின் வாயை அடைத்து, 2 அங்குலம் தண்ணீர் நிறுத்தி, 48 மணி நேரம் கீழ்வீட்டுக் கூரையைக் கவனியுங்கள். தட்டோடு பதித்திருக்கிறதே, போதாதா என்று பலர் கேட்கிறார்கள். தட்டோடு வெயிலைத் தாங்கும். அதன் இணைப்புகளில் நுழையும் வேரைத் தடுக்காது. நீர்த்தடுப்புப் பூச்சின் மேல் வேர் துளைக்காத கெட்டியான பாலித்தீன் விரிப்பு ஒன்று கட்டாயம் வேண்டும்.

வடிகால் விஷயத்தில்தான் கஞ்சத்தனம் அதிகம். விரிப்பின் மேல் நேராக மண்ணைக் கொட்டுகிறார்கள். அல்லது சாக்கைப் போட்டு அதன் மேல் கொட்டுகிறார்கள். சாக்கு ஒரே மழைக்காலத்தில் மக்கி, மண்ணோடு சேர்ந்து சேறாகிவிடும். தண்ணீர் ஓட இடைவெளி தரும் பிளாஸ்டிக் வடிகால் தட்டுகளும், அவற்றின் மேல் மண்ணை வடிகட்டி நிறுத்தும் ஜியோடெக்ஸ்டைல் துணியும் இருந்தால்தான் மண் மூச்சுவிடும். கைப்பிடிச் சுவரை ஒட்டியும், குழாய் வாயைச் சுற்றியும் ஓர் அடி அகலத்துக்குச் செடியே இல்லாமல் கூழாங்கல் மட்டும் இருக்கட்டும். அழகுக்காக அந்த இடத்தையும் மூடிவிட்டால், அடைப்பு எடுக்கக் கை நுழையாது. ஐப்பசி அடைமழையில் குழாய் அடைத்து 4 அங்குலம் தண்ணீர் நின்றால் சதுர அடிக்கு இன்னும் 9 கிலோ ஏறும்.

இனிச் செடிகள். ஐரோப்பியப் பசுங்கூரைப் படங்களில் வரும் செடம் என்ற சதைப்பற்றுச் செடி வகைகளை இணையத்தில் வாங்கி ஏமாறுபவர்கள் ஏராளம். குளிர்ந்த இரவுகளுக்குப் பழகியவற்றுக்கு நம் இரவுப் புழுக்கமும் விடாத ஈரமும் ஒத்துவராது. வெடெலியா இதற்கு நேர்மாறு: மஞ்சள் பூவோடு எதையும் தாங்கும், ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும், குழாய்க்குள்ளும் புகும். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. நர்சரிக்காரர் மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

டேபிள் ரோஸ் நல்ல செடிதான். ஆனால் மாடி முழுவதும் அது ஒன்றையே நட்டால் கோடையில் கண்கொள்ளாக் காட்சி, கார்த்திகையில் வெறும் மண். செப்டம்பரிலேயே சில தண்டுகளைக் கிள்ளித் தொட்டியில் வைத்து மழைபடாத இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். மாடியில் அதனோடு ஊதா இலை ட்ரேடஸ்காண்டியாவையும், நம் வரப்புகளில் தானே படரும் பொடுதலையையும் கலந்து நடலாம். பொடுதலையை அலங்காரச் செடியாக யாரும் மதிப்பதில்லை. மிதித்தாலும் பிழைக்கும், சின்னப் பூக்களுக்கு வண்ணத்துப்பூச்சி வரும்; இதற்கு மேல் என்ன வேண்டும்? நடவுக்குக் கத்திரி வெயில் காலம் கூடாது. ஆடியில் நட்டால் பெருமழைக்கு முன் வேர் பிடித்துவிடும்.

லோடு மண்ணோடு இலவசமாக வருவது கோரை. அதன் கிழங்கு ஒன்று தப்பினாலும் ஆண்டு முழுவதும் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதற்குப் பயந்து தேங்காய் நார்த்தூளை மட்டும் நிரப்புபவர்களும் உண்டு. அது கழுவப்படாததாக இருந்தால் உப்பு. நாளாக ஆக மக்கி அமுங்கிவிடும். உடைத்த செங்கல் துண்டுகளும் மணலும் பெரும்பங்காக, நார்த்தூளும் மண்புழு உரமும் சிறுபங்காக இருப்பது நிலைத்து நிற்கும்.

ஆர்ஓ இயந்திரம் கழிக்கும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் தினமும் மாடிக்கு ஏற்றுகிறார்கள். குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது; ஆழமில்லாத மண்ணில் அது சேர்ந்துகொண்டே போய் இலை நுனிகளைக் கருக்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை, அதைப் பிடித்து ஊற்றலாம்.

உரத்திலும் கை அடக்கம் வேண்டும். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மாடித் தண்ணீர் கிணற்றுக்கோ தொட்டிக்கோ போகிற வீட்டில், நீங்கள் தூவும் யூரியாவும் அடிக்கும் பூச்சிமருந்தும் அங்கேதான் போய்ச் சேரும்.

மாதம் ஒருமுறையாவது மாடி முழுவதையும் நடந்து பாருங்கள். பறவை எச்சத்தில் வந்த அரசங்கன்றும் ஆலங்கன்றும் படர்ந்த செடிகளுக்குள் ஒளிந்திருக்கும். இரண்டிலை விட்டிருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிடுங்கள். சுவர் விரிசலுக்குள் வேர் இறங்கிவிட்டால் மேலே எத்தனை முறை வெட்டினாலும் தளிர்க்கும். பிறகு கொத்தனாரைத்தான் கூப்பிட வேண்டும்.