தொடக்கப் பள்ளி வகுப்பில் நல்ல நடத்தையைப் பழக்குவது எப்படி? புதிய ஆசிரியர்களுக்கான செய்முறை

தொடக்கக் கல்விப் பட்டயம் முடித்து, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் முதன்முதலாகப் பணியேற்கும் ஆசிரியருக்குப் பாடம் நடத்துவது அத்தனை சிரமமாக இருப்பதில்லை. பாடம் நடத்தும் அளவுக்கு வகுப்பை அமரவைப்பதுதான் சிரமம். ஈராசிரியர் பள்ளி என்றால், ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகள் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம் இருக்கும். ஒரு குழந்தைக்கு ‘அ’ எழுதக் கைபிடித்துக் கொடுத்துவிட்டு நிமிர்வதற்குள் பின்வரிசையில் ஒரு கைகலப்பு முடிந்து, “டீச்சர், இவன் என்னக் கிள்ளிட்டான்” என்று புகார் வந்து நிற்கும்.

மூன்றாம் வாய்ப்பாட்டில் பிழை விடும் பிள்ளைக்கு மறுபடியும் சொல்லிக்கொடுக்கிறோம். வரிசையில் முண்டியடிக்கும் பிள்ளையை மட்டும் அதட்டுகிறோம். வரிசையில் நிற்பதும் யாரோ சொல்லிக்கொடுத்து, பலமுறை செய்துபார்த்துப் பழகவேண்டிய ஒன்றுதான். கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த ஒரே எண்ணத்தின் மேல் அமைந்தவை.

தொடங்கும் முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17ஆம் பிரிவு, குழந்தைக்கு உடல்தண்டனை தருவதையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது. மீறினால் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை உண்டு. தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே, 2003-இல், கல்வி விதிகள் திருத்தப்பட்டு உடல்தண்டனை விலக்கப்பட்டது. ஆகவே பிரம்பை மேசையில் வைக்காமல் இருப்பது மட்டும் போதாது. முட்டிபோட வைப்பது, பிற பிள்ளைகள் சிரிக்கும்படி பட்டப்பெயர் சொல்வது போன்றவற்றையும் கைவிட்டுவிட்டுத்தான் மேலே படிக்க வேண்டும்.

படி 1: ஒரு வாரம் குறித்துவையுங்கள்

எதையும் மாற்றாமல், முதல் வாரம் ஒரு நாற்பது பக்க நோட்டில் நான்கு கட்டங்கள் போட்டுக் குறித்துவாருங்கள்: எத்தனை மணிக்கு, என்ன நடந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்துகொண்டிருந்தது, முடிவில் அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது.

நான்காவது கட்டம்தான் முக்கியமானது. உதாரணமாக, கரும்பலகையிலிருந்து கழித்தல் கணக்கை எழுதச் சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு பையன் முன்னால் இருக்கும் சிறுமியின் சடையை இழுக்கிறான், ஆசிரியர் அவனை வெளியே நிற்க வைக்கிறார் என்று கொள்வோம். நான்காவது கட்டத்தில் ‘கணக்குப் போடவில்லை’ என்று எழுத வேண்டியிருக்கும். அவனுக்கு அது தண்டனை அன்று, விடுமுறை. அவனுக்கு வேண்டியது கடன்வாங்கிக் கழித்தல் புரியும்படியான பத்து நிமிடங்களே என்பதை, அதட்டிக்கொண்டிருக்கும் ஆசிரியரை விடக் குறித்துவைக்கும் ஆசிரியர் விரைவில் கண்டுபிடிப்பார்.

இன்னொன்றும் நோட்டில் தெரியவரும். குழப்பம் பெரும்பாலும் பாடம் நடக்கும்போது வருவதில்லை. ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் இடைவெளியிலும், வேலை இல்லாமல் பிள்ளைகள் காத்திருக்கும் நேரத்திலும்தான் வருகிறது. தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் தருவதற்கான தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகளைக் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து நடத்தும்போது, அரும்புக் குழுவுடன் நீங்கள் தரையில் அமர்ந்திருக்கும் நேரத்தில் மலர்க் குழு தன் பயிற்சியை முடித்துவிட்டுச் சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கும் ஐந்து நிமிடத்திற்கு ஒரு கதைப் புத்தகமோ படம் வரையும் தாளோ எட்டும் இடத்தில் இருந்தால், அதட்ட வேண்டிய தேவையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

படி 2: மூன்று அல்லது நான்கு விதிகள், அதற்கு மேல் வேண்டாம்

விதிகளைப் பிள்ளைகளுடன் பேசி எழுதுங்கள். “நம் வகுப்பில் எது நடந்தால் உங்களுக்குப் பிடிக்காது?” என்று கேட்டால், அவர்களே ஒரு பெரிய பட்டியலைச் சொல்வார்கள். பேசாதே, ஓடாதே, அடிக்காதே என்று அது வரும். அவற்றை நீங்கள் ‘செய்வோம்’ என்று முடியும்படி மாற்றிக்கொடுங்கள்:

ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்போம்.
அடுத்தவர் பொருளைக் கேட்டு வாங்குவோம்.
எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்போம்.
சண்டை வந்தால் டீச்சரிடம் வாயால் சொல்வோம்.

‘ஓடாதே’ என்றால் பிள்ளைக்கு ஓடக்கூடாது என்பது மட்டும் தெரியும். நடக்க வேண்டுமா, நிற்க வேண்டுமா என்பது தெரியாது. ஒன்றாம் வகுப்புக்கு எழுத்து இன்னும் கூடவில்லை என்பதால், ஒவ்வொரு விதிக்கும் ஒரு படம் வரைந்து அவர்கள் கண்மட்டத்தில் ஒட்டுங்கள். ஆசிரியர் கண்மட்டத்தில் ஒட்டிய விதிகளை ஆய்வுக்கு வரும் அலுவலர் மட்டுமே படிப்பார்.

படி 3: அன்றாட வேலைகளைப் பாடமாக நடத்துங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களை இதற்கே கொடுத்தாலும் தவறில்லை. பாடத்திட்டம் பின்தங்கிவிடுமே என்று அஞ்ச வேண்டாம், இழந்த நேரம் ஆகஸ்டுக்குள் திரும்பிவிடும்.

மதிய உணவு நேரத்தை எடுத்துக்கொள்வோம். மணி அடித்ததும் எல்லாரும் தட்டை எடுக்கப் பைகளின் மேல் விழுவார்கள், குழாயடியில் நெரிசல், சத்துணவு அமைப்பாளர் முன்னால் வரிசை என்ற பெயரில் ஒரு கூட்டம், சோறு வாங்கியவரை வாங்காதவர் இடித்து, சாம்பார் கீழே சிந்தும். இதில் “அமைதியா போங்க” என்று கத்துவதால் பயன் இல்லை, ஏனென்றால் அமைதியாகப் போவது எப்படி இருக்கும் என்பதை யாரும் அவர்களுக்குக் காட்டியதில்லை.

முதலில் வேலையைத் துண்டுகளாக்குங்கள். ஒரு வரிசையின் பெயரைச் சொன்னதும் அந்த வரிசை மட்டும் தட்டை எடுக்கும். குழாயடியில் ஒரு குழாய்க்கு இருவர் நிற்பார்கள், மற்றவர் தரையில் வரைந்த சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள். கை கழுவியவர் தட்டை இரு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உணவு வரிசைக்குப் போவார். அடுத்து நீங்களே ஒரு தட்டை எடுத்து, கோட்டுக்குப் பின் நின்று, கை கழுவி, வரிசைக்கு நடந்து காட்டுங்கள். பின்பு வேண்டுமென்றே தவறாகவும் ஒருமுறை செய்து காட்டி, “இது சரியா?” என்று கேளுங்கள். ஆசிரியர் முண்டியடிப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் விதி மனத்தில் நின்றுவிடும். அதன்பின், சாப்பாட்டு நேரத்தில் அல்லாமல், காலை 11 மணிக்கு வெறும் தட்டுடன் ஒத்திகை பார்க்க வேண்டும். பசி இல்லாத நேரத்தில் பழகியதுதான் பசிக்கும் நேரத்தில் கைகொடுக்கும். தினம் ஒருமுறை ஒரு வாரம் ஒத்திகை நடத்தினால், அடுத்த வாரம் தலையசைப்பே போதுமானதாக இருக்கும்.

இதே முறையில் பழக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. கழிப்பறைக்கு ஒரு பிள்ளை கேட்டால் உடனே பத்துக் கைகள் உயர்வது எல்லாப் பள்ளிகளிலும் நடப்பது. வாசல் ஆணியில் சிறுவர்களுக்கு ஒன்று, சிறுமியருக்கு ஒன்று என இரண்டு அட்டைகளைத் தொங்கவிட்டு, அட்டை ஆணியில் இருந்தால் கேட்காமலே எடுத்துக்கொண்டு போய்வரலாம் என்று சொல்லிவிடுங்கள். அவசரம் என்று சொல்லும் பிள்ளையை மட்டும் எக்காரணம் கொண்டும் காத்திருக்க வைக்கக் கூடாது. பென்சில் சீவுவதற்கு மூலையில் ஒரு டப்பாவும், முனை உடைந்தவர்களுக்குச் சீவிய பென்சில்கள் நான்கும் இருந்தால் போதும்.

கவனத்தைத் திருப்புவதற்கு ஒரு சைகையை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தாளத்தோடு கைதட்டினால், பிள்ளைகள் அதே தாளத்தைத் திருப்பித் தட்டிவிட்டுக் கையிலிருப்பதைக் கீழே வைக்க வேண்டும். தட்டிய பிறகு முழு அமைதி வரும்வரை வாய் திறக்காதீர்கள். பாதிச் சத்தத்தில் பேசத் தொடங்கினால், பாதிச் சத்தம் போதும் என்று அவர்கள் கற்றுக்கொள்வார்கள். ஸ்கேலால் மேசையைத் தட்டும் வழக்கத்தை விட்டுவிடலாம். நாளாக ஆக இன்னும் ஓங்கித் தட்ட வேண்டியிருக்கும்.

படி 4: கரும்பலகையில் பெயர் எழுதுவதை நிறுத்துங்கள்

ஆசிரியர் வெளியே போகும்போது வகுப்புத் தலைவன் கரும்பலகையில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்பிட்டுப் பெயர் எழுதுவதும், மறுபடி மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போடுவதும் நம்மில் பலர் படித்த காலத்திலிருந்தே நடந்துவருவது. என் கருத்தில், வகுப்பைக் கெடுப்பதில் இதற்கு இணையான வழக்கம் வேறில்லை. பிடித்தவன் பெயர் விடுபடும், பிடிக்காதவன் பெயர் முதலில் வரும், மிட்டாய் கொடுத்தவன் பெயர் அழிக்கப்படும். எட்டு வயதுப் பிள்ளைக்கு நீதிபதி வேலை கொடுக்கக் கூடாது. தலைவன், தலைவி வேண்டுமென்றால், நோட்டுகளைக் கொடுப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, வருகைப் பலகையில் எண்ணிக்கை எழுதுவது என்று வேலைகளைப் பிரித்து, வாரம் ஒருமுறை ஆளை மாற்றுங்கள். அதிகம் குறும்பு செய்யும் பிள்ளைக்கும் முறை வரவேண்டும்.

படி 5: எதைப் பாராட்டுகிறோம் என்று சொல்லிப் பாராட்டுங்கள்

‘வெரி குட்’ என்பது பிள்ளைக்கு மகிழ்ச்சி தரும். ஆனால் எதற்கு என்பது அதற்குத் தெரியாது. “ரப்பரை நீ கேட்டு வாங்கினதைப் பார்த்தேன்” என்று சொன்னால், அதை மறுநாளும் செய்யும். நாள்தோறும் தொல்லை கொடுக்கும் பிள்ளை நல்லது செய்யும் அந்த அரை நிமிடத்தை நீங்கள் தேடிப் பிடிக்க வேண்டும். கூச்சப்படும் பிள்ளையை எல்லார் முன்னும் பாராட்டாமல், நோட்டைத் திருத்தும்போது காதோடு சொல்லுங்கள்.

நட்சத்திர ஸ்டிக்கர், மிட்டாய் ஆகியவற்றில் கவனம் தேவை. 1973-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில், மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும், படம் வரைவதில் ஆர்வமுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள், பின்னர் தாங்களாக வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்ற பிள்ளைகளிடம் அந்தக் குறைவு தெரியவில்லை. எனவே, பிள்ளைகள் தாமாகவே விரும்பிச் செய்வதற்குக் கூலி பேசாதீர்கள். பிடிக்காத, புதிதாகப் பழகவேண்டிய வேலைக்குச் சில நாள் பரிசு வைக்கலாம். பழகியதும் மெல்லக் குறைத்துவிட வேண்டும்.

படி 6: வகுப்பு முழுவதற்கும் ஓர் ஆட்டம்

1969-இல் அமெரிக்காவில் ஒரு நான்காம் வகுப்பில் சோதித்து வெளியிடப்பட்ட ‘நல்ல நடத்தை ஆட்டம்’ செலவில்லாதது. வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து, குறிப்பிட்ட பாடவேளையில் விதி மீறப்படும்போது அந்த அணியின் பெயரின் கீழ் ஒரு கோடு போட வேண்டும். குறைந்த கோடு பெற்ற அணி வெல்லும். இரு அணிகளுமே சொன்ன எல்லைக்குள் இருந்தால் இரண்டும் வெற்றிதான். முதலில் 10 நிமிடம் மட்டும் ஆடுங்கள். சாப்பாட்டுக்கு முதலில் போவது, கடைசிப் பாடவேளையில் விரும்பிய விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது போன்ற பரிசுகள் போதும். கோடு போடும்போது பெயர் சொல்லக் கூடாது. ஒரு பிள்ளை வேண்டுமென்றே தன் அணியைத் தோற்கடித்தால், அணியினர் பள்ளி விட்டதும் அவனை வழியில் மடக்குவார்கள். அதற்கு இடம் தராமல் அவன் கணக்கைத் தனியாக வையுங்கள்.

படி 7: தவறு நடந்த பிறகு

சத்தம் குறைந்த வழியிலிருந்து தொடங்குங்கள். பாடத்தை நிறுத்தாமல் அந்தப் பிள்ளையின் அருகில் போய் நில்லுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். போதாவிட்டால், குனிந்து மெல்லிய குரலில் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒருமுறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். எதிரிலேயே நின்று முறைத்தால், மற்றவர் முன் இறங்கிவர அவனுக்கு வழியில்லாமல் போகும். அப்போதும் தொடர்ந்தால் இடம் மாற்றி அமர வையுங்கள். சிந்தியதைத் துடைப்பது, கிழித்ததை ஒட்டுவது என்று செய்த செயலோடு தொடர்புள்ள வேலையைக் கொடுங்கள். விளையாட்டுப் பாடவேளையைப் பறிக்காதீர்கள், ஓடியாட வேண்டியவனே அவன்தான்.

சண்டை என்றால் இருவரையும் தனித்தனியே, கோபம் ஆறிய பின் விசாரியுங்கள். “சாரி சொல்லு” என்று அப்போதே கட்டாயப்படுத்தினால், சொல் மட்டும்தான் வரும்.

படி 8: பெற்றோரிடம் பேசுவது

“கண்ண மட்டும் விட்டுட்டு மீதிய உரிச்சிடுங்க சார்” என்று சொல்லும் தந்தையர் இன்றும் உண்டு. அதைச் சட்டம் பேசி மறுக்காமல், “அதெல்லாம் வேண்டாங்க, வீட்டில் எத்தனை மணிக்குத் தூங்குகிறான்?” என்று பேச்சைத் திருப்புங்கள். முதல் சந்திப்பிலேயே புகார் வேண்டாம். ஏதாவது ஒரு நல்ல செய்தியைச் சொல்ல ஒருமுறையாவது அழைத்திருந்தால், பின்னால் குறை சொல்லும்போது காதுகொடுப்பார்கள். பள்ளியில் வாங்காத அடியை அந்தப் பிள்ளை வீட்டில் வாங்கிவிடும் என்று தோன்றினால், தகவலை எப்படிச் சொல்வது என்பதைத் தலைமையாசிரியருடன் கலந்துகொள்ளுங்கள்.

படி 9: எதற்கும் அசையாத ஒரு பிள்ளை

எல்லாம் செய்தும் மாறாத பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும். அப்போது முதலில் உடலைப் பாருங்கள். கரும்பலகை தெரியாதவன் பக்கத்து நோட்டை எட்டிப் பார்ப்பான், காது மந்தமானவள் சொன்னதைச் செய்யமாட்டாள்; இரண்டையுமே நாம் அடங்காமை என்று நினைத்துவிடுவோம். காலை உணவுத் திட்டம் பள்ளியில் இருந்தாலும், தாமதமாக வரும் பிள்ளை அதைத் தவறவிட்டிருக்கலாம். கற்றல் குறைபாடோ கவனக் குறைபாடோ இருக்குமென்று ஐயம் வந்தால், நீங்களே பெயர் சூட்டாமல், உங்கள் குறிப்பு நோட்டுடன் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை அணுகுங்கள். நான்கு கட்டங்களில் எழுதியவை அவருக்குப் பெரிதும் பயன்படும்.

உடலில் காயங்கள், திடீரென்று பேச்சு நின்றுபோவது, வீட்டுக்குப் போக அஞ்சுவது ஆகியவற்றைக் கண்டால் அது வகுப்பு மேலாண்மைக்குள் அடங்கும் விஷயமே அன்று. அன்றே தலைமையாசிரியரிடம் தெரிவித்து, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழையுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணிலும் வழிகாட்டல் கிடைக்கும். பிள்ளையிடம் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்காமல், அது சொன்னதைச் சொன்னபடியே, தேதியுடன் எழுதிவையுங்கள்.