டே கேர் அறுவை சிகிச்சை: நோயாளியிடம் கருத்துக் கேட்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் வந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டு அன்றே வீடு திரும்பும் டே கேர் மையங்களில், டிஸ்சார்ஜ் நேரத்தில் ஒரு படிவத்தை நீட்டுவது வழக்கம். நோயாளி வரிசையாக ஐந்துக்கு ஐந்து போட்டுக் கையெழுத்திடுவார். மாதக் கடைசியில் சராசரி பிரமாதமாக இருக்கும். என்னைக் கேட்டால், அந்தப் படிவத்தை நிறுத்திவிட்டாலும் நஷ்டமில்லை.

மிடசோலம் போன்ற, தூக்கக் கலக்கம் தரும் மருந்து கொடுத்திருந்தால், அதன்பின் சொன்னது பலருக்கு நினைவிலேயே நிற்காது. படிவத்தை நீட்டும் நர்ஸ் எதிரிலேயே நிற்கிறார். வாசலில் வண்டி காத்திருக்கிறது. இதையெல்லாம்விட முக்கியம், வலி இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. தோள்பட்டை, கை போன்ற இடங்களில் அறுவை சிகிச்சை செய்யும்போது நரம்பை மரக்கச் செய்யும் ஊசி போடுவதுண்டு. அதன் வேகம் பல மணி நேரம் இருந்து, பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ குறையும். மரப்பு விடுவதற்கு முன்பே வலி மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும் என்று யாரும் அழுத்திச் சொல்லாவிட்டால், அதுவரை நிம்மதியாக இருந்தவர் நடுராத்திரியில் துடித்துப்போவார். ஆனால் மாலையில் நிரப்பிய படிவத்தில் வலி நிவாரணத்துக்கு முழு மதிப்பெண் இருக்கும்.

அதனால் மறுநாள் ஒரு போன், ஒரு வாரம் கழித்து இன்னொன்று. அறுவை செய்த இடத்தில் தொற்று 30 நாள் வரைகூடத் தலைகாட்டலாம் என்பதால், மாதம் முடியும்போது ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்புங்கள். கூட இருந்து பார்த்துக்கொண்டவரிடமும் பேசுங்கள். பல வீடுகளில் மருந்து கொடுத்ததும் காயத்தின் கட்டு மாற்றியதும் அவர்தான்.

அடுத்த தவறு கேள்வியிலேயே இருக்கிறது. "நாங்கள் சொன்னது புரிந்ததா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். அமெரிக்காவில் 2016 முதல் நடைமுறையில் உள்ள 'ஓஏஎஸ் கேப்ஸ்' என்ற கருத்துக் கணிப்பு, வலி, குமட்டல், ரத்தக்கசிவு, தொற்றின் அறிகுறிகள் ஆகியவை வந்தால் என்ன செய்வது என்று சொன்னார்களா என ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்கிறது. அதுவும் நோயாளி வீடு திரும்பிய பிறகு, வெளி நிறுவனம் ஒன்றின் மூலம். முழுக் கணிப்பும் எல்லா மையத்துக்கும் தேவையில்லை. "ராத்திரியில் எங்களைக் கூப்பிட நினைத்தீர்களா? யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்ததா?" என்ற இரண்டு கேள்விகளே நிறையச் சொல்லிவிடும்.

சரி, பதில் வந்துவிட்டது. இப்போது அதைத் தவறாகப் படிப்பது. "ரொம்ப நேரம் காக்க வைத்தார்கள், நாக்கு வறண்டுவிட்டது" என்று பலர் சொன்னால், சில மையங்கள் காத்திருப்பு அறைக்கு டிவி வாங்கும், வரவேற்பில் இருப்பவர்களுக்கு இன்முகப் பயிற்சி கொடுக்கும். கோளாறு வேறு இடத்தில் இருக்கலாம். மதியம் அறுவை சிகிச்சை இருப்பவரையும் விடிகாலையிலேயே வரச் சொல்லியிருப்பார்கள். நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்ற ஒரே தாளை எல்லோருக்கும் கொடுத்திருப்பார்கள். மயக்க மருந்துக்கு 2 மணி நேரம் முன்புவரை தண்ணீர் குடிக்கலாம் என்பதுதான் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு இன்றைய பொதுவான வழிகாட்டல் (சில நோயாளிகளுக்கு இது பொருந்தாது, மயக்க மருந்து நிபுணர் முடிவு செய்வார்). ஆக, மாற வேண்டியது அந்தத் தாளும் நேரப் பட்டியலும். டிவியால் தாகம் தீராது.

சராசரியை மட்டும் பார்ப்பதும் ஆபத்து. ஐம்பது பேர் மகிழ்ச்சியாக இருக்க, ஒருவர் மட்டும் "கட்டு நனைந்து ரத்தம் வந்தது, கொடுத்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை" என்கிறார். எண்ணிக்கையில் அது ஒன்றுமில்லை. ஆனால் அது மாதாந்திரக் கூட்டம்வரை காத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை. அன்றே அறுவை சிகிச்சை செய்த டாக்டரின் கைக்குப் போக வேண்டும். நேர்மாறாக, ஒரு டாக்டருக்கு வந்த ஏழெட்டுப் பதில்களை வைத்து அவரை இன்னொருவரோடு ஒப்பிடுவதும் தப்பு. அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் ஒரே ஒருவரின் கோபம் மொத்தக் கணக்கையும் புரட்டிவிடும்.

மதிப்பெண்ணோடு ஊக்கத்தொகையை இணைக்கவே வேண்டாம். அப்புறம் ஊழியர்களே "அஞ்சு போட்டுடுங்க" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

கடைசியாக, மாற்றியதைச் சோதிக்காமல் விடுவது. வலி மாத்திரை பற்றிய தாளைத் திருத்தினால், அதற்குப் பின் வந்த நோயாளிகளிடம் மறுநாள் போனில் அதே கேள்வியை அதே வார்த்தைகளில் கேளுங்கள். கேள்வியையும் சேர்த்து மாற்றிவிட்டால், முந்தைய பதில்களோடு ஒப்பிட வழியில்லாமல் போகும். முதலில் குறை சொன்னவருக்கும் ஒரு வரி எழுதி, என்ன மாறியது என்று தெரிவியுங்கள்.