பட்டறைக்கு எந்த கம்ப்ரஸர்: பிஸ்டனா, ஸ்க்ரூவா?

திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கம் புதிதாகப் பட்டறை போடுகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை எச்பி வாங்கலாம்?" எச்பி அப்புறம். எவ்வளவு காற்று, எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை வைத்துத்தான் கம்ப்ரஸர் வகையை முடிவு செய்ய வேண்டும்: சிலிண்டருக்குள் பிஸ்டன் போய்வந்து காற்றை அழுத்துவதா, இரண்டு திருகுகள் சுழன்று அழுத்தும் ஸ்க்ரூவா என்று.

1. ஒரே நேரத்தில் ஓடும் கருவிகளின் சிஎஃப்எம்மைக் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்ற அளவு) கூட்டுங்கள். கசிவுக்கும் கொஞ்சம் சேருங்கள். அழுத்தம் 6, 7 பார் (1 பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) இருந்தால் பெரும்பாலான கருவிகளுக்குப் போதும்.

2. இங்கே நிதானம் வேண்டும். பிஸ்டன் கம்ப்ரஸர் பட்டியலில் பெரும்பாலும் போட்டிருப்பது டிஸ்பிளேஸ்மென்ட், அதாவது பிஸ்டன் நகரும் இடத்தின் கொள்ளளவை வைத்துப் போட்ட கணக்கு. வால்வைத் தாண்டி உண்மையில் வெளியே வரும் காற்று, அதாவது எஃப்ஏடி, அதைவிடக் கணிசமாகக் குறைவு. ஸ்க்ரூவுக்கு எஃப்ஏடியையே போடுவார்கள். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

பழைய மெஷின் வாங்கினால் கடையிலேயே சோதிக்கலாம். வெளிவால்வை மூடி, டேங்க் 5 பாரிலிருந்து 7 பாருக்கு ஏறும் நேரத்தைப் பாருங்கள். 500 லிட்டர் டேங்க் 90 வினாடியில் ஏறினால், ஏறியது 2 பார், எனவே 500 × 2 = 1000 லிட்டர் காற்று ஒன்றரை நிமிடத்தில். நிமிடத்துக்கு சுமார் 667 லிட்டர். ஒரு கன அடி 28.3 லிட்டர், அதனால் 28.3-ஆல் வகுத்தால் சுமார் 23.6 சிஎஃப்எம். விற்பவர் சொல்லும் எண்ணை விட்டுவிட்டு இதை நம்புங்கள்.

3. பஞ்சர் கடை, மெக்கானிக் ஷெட் மாதிரி விட்டுவிட்டு ஓடும் வேலைக்கு பிஸ்டன்தான். 7 பாருக்கு இரண்டு ஸ்டேஜ் (காற்றை இரண்டு படியாக அழுத்தி, நடுவில் ஆறவைப்பது) வாங்குங்கள், சூடு குறையும். ஷிப்ட் முழுக்கக் காற்று வேண்டுமென்றால் ஸ்க்ரூ. சென்ட்ரிஃப்யூகல் (வேகமாகச் சுழலும் சக்கரத்தால் காற்றை அழுத்தும் வகை) பெரிய ஆலைகளுக்கு, நமக்கு வேண்டாம்.

சத்தம் குறைவு என்பதற்காக, எப்போதாவது ஓட்டும் வேலைக்குப் பெரிய ஸ்க்ரூ வாங்காதீர்கள். எண்ணெய் சரியாகச் சூடேறாமல் நின்றுவிட்டால் காற்றின் ஈரம் எண்ணெயிலேயே தங்கி, பேரிங்கைக் கெடுக்கும். கடலோர ஈரக்காற்றில் இது இன்னும் மோசம்.

பின்சேர்க்கை: பெயின்ட் கொப்புளிக்கிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். காற்றில் வரும் தண்ணீரும் அதற்கு ஒரு காரணம். டேங்கைத் தினமும் டிரெயின் செய்யுங்கள். மெயின் பைப்பின் அடியில் இருந்து கிளை எடுக்காமல், மேலே இருந்து எடுத்து வளைத்து இறக்குங்கள். அதற்கும் நிற்காவிட்டால் காற்றைக் குளிரவைத்துத் தண்ணீரைப் பிரிக்கும் ரெஃப்ரிஜரேஷன் டிரையர் போடுங்கள், பனிநிலை (காற்றின் ஈரம் தண்ணீராகத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரி வரை இறங்கும்.