மேய்ன் போகிறீர்களா? முதலில் கடலின் நேரத்தைப் பாருங்கள்

பாஸ்டன் பக்கம் குடியிருப்பதால் கோடையில் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களை அமெரிக்காவின் வடகிழக்கு ஓரத்திலுள்ள மேய்ன் மாநிலத்துக்குக் கூட்டிப்போகும் வேலை எனக்கு. பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலோடுதான் எல்லோரும் வருவார்கள். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, போகிற நாட்களுக்கான ஓத அட்டவணையை, அதாவது கடல் நீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்ற பட்டியலை, முதலில் எடுப்பேன். நோவா (அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பு) இணையதளத்தில், நாம் போகப்போகிற பார் ஹார்பர் ஊரின் பெயரைத் தேடினால் கிடைக்கும். அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே கடல் மட்டம் 10 அடிக்கு மேல் மாறும். காலையில் பார்த்த கரை மதியம் இருக்காது. நேரமும் தினம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் போன வாரம் போய்வந்தவர் சொன்ன நேரம் உங்களுக்கு உதவாது.

பாஸ்டனிலிருந்து போர்ட்லாந்துக்கு காரில் இரண்டு மணி நேரம். அங்கே ஒரு ராத்திரி தங்குங்கள். பழைய துறைமுகப் பகுதி முழுக்கச் செங்கல் கட்டடமாக இருப்பதற்குக் காரணம் 1866 ஜூலை 4 அன்று பிடித்த தீ. மரவீடுகள் எரிந்துபோன பிறகு எழுப்பிய ஊர் அது. பக்கத்திலேயே கேப் எலிசபெத்தில் போர்ட்லாந்து ஹெட் கலங்கரை விளக்கம் இருக்கிறது. 1791-ல் ஏற்றியது. அப்போது மேய்ன் தனி மாநிலமே இல்லை, மாசசூசெட்ஸின் ஒரு பகுதி, பிரிந்தது 1820-ல். காலையில் சீக்கிரம் போனால் கார் நிறுத்த இடம் கிடைக்கும்.

அடுத்து அகேடியா தேசியப் பூங்கா, வடகிழக்கில் மூன்று மணி நேரம். மாநிலத்தில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதற்கே கொடுங்கள். பூங்காவை ஒட்டிய பார் ஹார்பர் ஊரில் பிரிட்ஜ் ஸ்ட்ரீட் போய் முடிகிற இடம் கடல். வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பிருந்து ஒன்றரை மணி நேரம் பின்புவரை அந்தக் கடலுக்கு நடுவே சரளைக்கல் திட்டு ஒன்று மேலே வரும். அதன்மேல் நடந்தே பார் தீவுக்குப் போய்விடலாம். பாசி படிந்த கல் வழுக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். நீர் வடிய ஆரம்பித்ததுமே கிளம்புங்கள். தீவின் உச்சிவரை ஏறி ஊரைப் பார்த்துவிட்டு நிதானமாகத் திரும்பலாம். தாமதித்தால் அடுத்த வற்றம்வரை தீவிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். திட்டின்மேல் காரை நிறுத்தாதீர்கள். நிறுத்தி முழுகக் கொடுத்தவர்கள் உண்டு.

அதே பூங்காவின் கடலோரத்தில் இருக்கும் தண்டர் ஹோலுக்குக் கணக்கு வேறு. பாறை இடுக்கில் அலை புகுந்து இடிபோல முழங்க, ஏற்றத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் போகவேண்டும். வற்றத்தில் போனால் தண்ணீர் சலசலப்பதுதான் கேட்கும். புயல் அடிக்கிற நாளில் மட்டும் கிட்டே போகாதீர்கள். 2009-ல் பில் சூறாவளி கடந்தபோது அங்கே வேடிக்கை பார்த்தவர்களை அலை இழுத்துப்போய் ஒரு சிறுமி இறந்தாள்.

பூங்காவுக்குள் இருக்கும் கெடிலாக் மலை (1,530 அடி) மட்டும் ஓதத்துக்குக் கட்டுப்படாது, அதற்கு முன்பதிவு. மே கடைசியிலிருந்து அக்டோபர் கடைசிவரை காரில் ஏற, பூங்கா அனுமதிச்சீட்டோடு தனியாக ஒரு சீட்டும் வேண்டும். ஒரு பகுதி 90 நாள் முன்பே விற்பனைக்கு வரும். மீதி 70 சதவீதம் இரண்டு நாள் முன்னால் காலை 10 மணிக்கு. சூரிய உதயச் சீட்டு வேண்டுமென்றால் 9:55-க்கே உள்நுழைந்து தயாராக இருங்கள். நாட்டிலேயே முதல் சூரியன் இங்கேதான் என்பார்கள். அது அக்டோபர் தொடக்கத்திலிருந்து மார்ச் தொடக்கம்வரைதான் சரி. ஜூலையிலும் உச்சியில் குளிர்காற்று அடிக்கும், ஜாக்கெட் அவசியம்.

இலை நிறம் மாறுவதைப் பார்க்க அக்டோபர் நடுவில் போங்கள். பூங்காவும் பார் ஹார்பரும் இருக்கும் மவுண்ட் டெசர்ட் தீவின் கிழக்குப் பாதியில்தான் நிறம் அதிகம். 1947 காட்டுத்தீயில் அந்தப் பக்கத்து ஊசியிலை மரங்கள் எரிந்து, பிர்ச்சும் ஆஸ்பெனும் முளைத்ததால் வந்த மஞ்சள் அது. மே, ஜூனில் போகிறவர்களுக்குக் கருப்பு ஈ கடிதான் வரவேற்பு.

சாப்பாடு. லாப்ஸ்டர் (சிங்கி இறால்) வாங்கும்போது புது ஓடா, பழைய ஓடா என்று கேளுங்கள். அது வளர வளர ஓட்டைக் கழற்றிவிட்டுப் புது ஓடு போடும். ஜூலைக்குப் பிறகு கிடைக்கிற புது ஓடு கையாலேயே உடையும், சதை கொஞ்சம் குறைவு, ஆனால் இனிப்பு. படகில் போய்ப் பிடிப்பதையும் பார்க்கலாம். முதுகோட்டைப் பித்தளை அளவுகோலால் அளந்து, மூன்றேகால் அங்குலத்துக்குக் குறைந்தால் கடலிலேயே விட்டுவிடுவார்கள். முட்டை சுமந்த பெண் லாப்ஸ்டருக்கு வாலில் வி வடிவில் ஒரு வெட்டு. பிறகு எவர் பொறியில் சிக்கினாலும் அதை விட்டாகவேண்டும். அசைவம் சாப்பிடாதவர்களை ஜோர்டன் பாண்ட் ஹவுஸுக்குக் கூட்டிப்போய் பாப்ஓவரும் (உள்ளே காலியாக உப்பி வரும் ரொட்டி) ஜாமும் வாங்கிக்கொடுங்கள். அதில் முட்டை உண்டு, முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னும் ஒரு நாள் இருந்தால், மாநிலத்தின் கிழக்குக் கோடியிலுள்ள லூபெக் ஊர். சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட வெஸ்ட் குவாடி ஹெட் விளக்கம் அங்கேதான். அப்புறம் ஒரு பாலம் தாண்டினால் அமெரிக்க அதிபராக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் கோடை வீடு இருக்கும் கம்போபெல்லோ தீவு. அது கனடா. ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவிடம் கனடா விசா இல்லையென்றால் பாலத்தில் ஏறாதீர்கள்.