வீட்டுக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினால் வாடகையை யாரிடம் கொடுப்பது?

வீட்டுக்காரர் இறந்த அடுத்த மாதமே மூத்த மகன் ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம் என்று வாடகை கேட்டு வந்து நிற்பது நம் ஊரில் சகஜம். பயந்துபோய் இருவருக்கும் கொடுக்காதீர்கள், யாருக்கும் கொடுக்காமலும் இருக்காதீர்கள். பாக்கி வைத்தால் அதையே காரணம் காட்டிக் காலி செய்யச் சொல்வார்கள்.

தமிழ்நாட்டில் 2019 முதல் நடப்பில் உள்ள வாடகைச் சட்டப்படி, யாருக்குக் கொடுப்பதென்று நியாயமான சந்தேகம் இருந்தால் வாடகையை அந்தச் சட்டப்படி அரசு நியமித்த வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம். சண்டையை அவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும்.

சரி, இதுவரை கொடுத்த பணம்? வேறொருவருக்கு உரிமை இருப்பது தெரியாமல் நல்லெண்ணத்தோடு கொடுத்த வாடகையை உண்மையான உரிமையாளர் மறுபடி உங்களிடம் கேட்க முடியாது. 1882 சொத்து மாற்றுச் சட்டத்தின் 50வது பிரிவு இதைச் சொல்கிறது. ஆனால் ஒருவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டால், அதன்பிறகு 'தெரியாது' என்ற பேச்சு எடுபடாது. அந்த நோட்டீஸையும் அஞ்சல் உறையையும் பத்திரமாக வையுங்கள்.

கையில் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே அனுப்புங்கள். 'ஜூன் மாத வாடகை' என்று குறிப்பும் எழுதுங்கள். புது வீடு பார்ப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை (அந்தச் சொத்தில் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டுவது) பார்த்துவிடுங்கள்.

அப்புறம் முக்கியமாக, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பூட்டை உடைக்கவோ சாமானை வெளியே போடவோ வீட்டுக்கு உரிமை கொண்டாடும் யாருக்கும் அதிகாரம் கிடையாது. மிரட்டினால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.