துறைமுகம் நகர்ந்த வழியே ஒரு நாள்: கொற்கை முதல் தூத்துக்குடி வரை

கொற்கைக்குப் போய்விட்டு வந்து "அங்கே ஒன்றுமே இல்லையே" என்று சொன்ன உறவினர்கள் எனக்குப் பலர் உண்டு. சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் ஆசையாக வந்தவர்கள். பாண்டியரின் முத்துத் துறை என்று படித்துவிட்டு, கோட்டைச் சுவரோ கல் படித்துறையோ நிற்கும் என்று எதிர்பார்த்தார்கள். கண்ணில் பட்டதோ வாழைத் தோட்டமும் வயலும் ஒரு குளமும்தான். அவர்கள் மேல் தப்பில்லை; யாரும் விவரம் சொல்லி அனுப்பவில்லை. நீங்களும் அப்படித் திரும்பக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கொற்கையில் பார்க்க வேண்டியது ஊருக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் தூரம். ஒரு காலத்தில் தாமிரபரணியின் முகத்துவாரத்தில் இருந்த ஊர், இன்று கடலிலிருந்து 6, 7 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பொதிகையிலிருந்து இறங்கி வரும் ஆறு கொண்டுவந்த வண்டல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையை வளர்த்துக் கடலைத் தள்ளிவிட்டது. கப்பல் வர வழியில்லாமல் போனதும் வணிகம் கிழக்கே காயலுக்கு, அதாவது இன்றைய பழையகாயலுக்குப் போனது. அங்கேயும் மண் மேவ, ஆற்று முகத்தில் புன்னைக்காயல் வந்தது. கடைசியில் ஆற்றையே விட்டுவிட்டுத் தூத்துக்குடி. இந்த வரிசையிலேயே பயணம் போனால் ஒவ்வொரு ஊரும் அடுத்ததற்கு விளக்கம் சொல்லும். வரிசை மாறினால் எல்லாம் சாதாரண ஊர்களாகத் தெரியும்.

தூத்துக்குடியில் தங்குங்கள். சென்னை எழும்பூரிலிருந்து இரவு கிளம்பும் முத்துநகர் எக்ஸ்பிரஸ் காலையில் இறக்கிவிடும். விமானம் என்றால் வாகைக்குளத்தில் இறங்க வேண்டும். ஒரு நாளைக்கு வாடகைக் கார் பேசிக்கொள்வதே நல்லது. பேருந்திலும் போகலாம், ஆனால் கிளைச் சாலைகளில் காத்துக் கிடந்தே பொழுது போய்விடும். ஓட்டுநரிடம் வெறுமனே கொற்கை என்று சொல்லாமல் "ஏரல் பக்கத்துக் கொற்கை" என்று சொல்லுங்கள். ரொக்கப் பணம் டவுனிலேயே எடுத்துவிடுங்கள். கிராமத்துக் கடைகளில் எல்லோரும் போனில் ஸ்கேன் செய்து பணம் கட்டுகிறார்கள், வெளிநாட்டு அட்டையை அங்கே நீட்ட முடியாது.

ஜனவரி முதல் மார்ச் வரை வருவது உத்தமம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி இந்தப் பகுதி முழுவதும் மூழ்கியது. அந்த மாதங்களில்தான் வர முடியும் என்றால் வானிலை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

காலை ஆறரைக்கே புறப்படுங்கள். திருச்செந்தூர் சாலையில் இரு பக்கமும் உப்பளம். வெயில் ஏறுமுன் பாத்தியில் உப்பு வாருபவர்களைப் பார்க்கலாம். கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

கொற்கையில் ஒரு மணி நேரம் போதாது, இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வன்னி மரம். ஈராயிரம் ஆண்டு வயது என்று ஊரார் சொல்வார்கள். வயது எதுவானாலும், திருகித் திருகிக் கிடக்கும் அந்த அடிமரத்தைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும். பக்கத்தில் அக்கசாலை விநாயகர் கோயில். அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம். காசு அடித்த நகரத்தின் பெயர் ஒரு சிறிய பிள்ளையாரிடம் தங்கிவிட்டது. குளத்துப் பக்கம் வெற்றிவேலம்மன் கோயில் இருக்கிறது, கண்ணகி என்றே வணங்குகிறார்கள்.

1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது கிடைத்த கரியைச் சோதித்ததில் கி.மு. 785 என்று காலம் வந்தது. முத்துச் சிப்பிகளும் அறுத்த சங்குகளும் கிடைத்தன. 2021இலும் அகழாய்வு நடந்தது. வயல் வரப்பில் நடக்கும்போது பானை ஓடும் சங்குத் துண்டும் காலில் தட்டுப்படலாம். தயவுசெய்து எடுத்துப் பையில் போடாதீர்கள். பழம்பொருளை நாட்டை விட்டுக் கொண்டுபோவது 1972 சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், கிடக்கும் இடத்தை விட்டு எடுத்த ஓடு எந்தக் கதையும் சொல்லாது. குனிந்து பாருங்கள், தொட்டுப் பாருங்கள், அங்கேயே வைத்துவிடுங்கள்.

கிளம்புமுன் ஊருக்கு வெளியே கிழக்குப் பார்த்து நில்லுங்கள். கண்ணுக்கு எட்டிய வரை பச்சை. அந்த நிலத்தில் பெரும்பகுதி ஆறு போட்ட மண். பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தால் இந்த இடத்தில் நிறுத்திச் சொல்லுங்கள். ஊர் நகரவில்லை, கடல்தான் நகர்ந்தது என்பதை அவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்து பழையகாயல். 1292 வாக்கில் மார்க்கோ போலோ வந்து, அரேபியாவிலிருந்து குதிரைக் கப்பல்கள் வந்து சேர்ந்த பெரிய நகரம் என்று வர்ணித்த காயல் இதுதான். இன்று சாலையோரச் சிற்றூர். கால் மணி நேரம் போதும்.

ஆத்தூர் பக்கம் போனால் வெற்றிலைக் கொடிக்காலைப் பாருங்கள். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதுவும் அதே வண்டலின் கொடைதான். துறைமுகத்தை மூடிய மண் வெற்றிலையையும் வாழையையும் கொடுத்தது.

அங்கிருந்து கிழக்கே புன்னைக்காயல். ஆறு கடலில் சேரும் இடம். போர்ச்சுகீசியர் காலத்தில், முத்துக்குளித்துறை என்று அழைக்கப்பட்ட இந்தக் கடற்கரையின் தலைமை இடமாக இருந்தது. 1578இல் கொல்லத்தில், தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலான 'தம்பிரான் வணக்கம்' நூலைத் தந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியார் நெடுங்காலம் வாழ்ந்த ஊர். தமிழ் அச்சு எழுத்தில் எதையாவது படித்த எவருக்கும் இந்தக் கடற்கரைக்கும் தொடர்பு உண்டு. இன்று அது மீனவர் ஊர். படகு வந்து இறங்கும் நேரத்தில் குறுக்கே நின்று வேலையைக் கெடுக்காமல் ஓரமாக நின்று பாருங்கள். முகத்துவாரத்தில் இறங்கிக் குளிக்க வேண்டாம், இழுப்பு இருக்கும்.

மதியம் காயல்பட்டினம். பழைய பள்ளிவாசல்கள், வீடுகளுக்கு இடையே பெண்கள் போய்வரும் முடுக்குகள். முடுக்குக்குள் ஆண்கள் நுழையக் கூடாது. உடை அடக்கமாக இருக்கட்டும், வெள்ளிக்கிழமை மதியத்தைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளூரில் தெரிந்தவர் யாராவது இருந்து களறிச் சோறு என்னும் விருந்துச் சாப்பாட்டுக்கு அழைத்தால் எந்தத் திட்டத்தையும் தள்ளிப்போடலாம். இல்லாவிட்டாலும் தம்மடை என்ற இனிப்பை வாங்கிச் சாப்பிடுங்கள்.

மாலை தூத்துக்குடிக்குத் திரும்புங்கள். எதிரே தீவுகள் அலையைத் தடுப்பதால் பாதுகாப்பான துறை. ஆற்று வண்டல் தொல்லையும் இல்லை. பனிமய மாதா கோயிலில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை திருவிழா என்பதால் அப்போது அறை கிடைப்பது கஷ்டம். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி வெள்ளையர் கம்பெனிக்குப் போட்டியாகக் கொழும்புக்குக் கப்பல் விட்டது இந்த ஊரிலிருந்துதான். 1974 முதல் இது பெருந்துறைமுகம். புதுத் துறைமுகத்துக்குள் அனுமதியில்லாமல் போக முடியாது. பழைய துறைமுகப் பக்கம் நின்றால் தோணிகள் தெரியும்; படம் எடுக்கலாமா என்று காவலரிடம் கேட்டுவிடுங்கள்.

இங்கிருந்து இலங்கை மலையகத்துக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள் இதைப் படிக்கக்கூடும். உங்கள் கொள்ளுத்தாத்தா கப்பல் ஏறிய இடம் இதுவாக இருக்கலாம். கொழும்புக்குப் போன கூட்டத்தில் பெரும்பகுதி ஒரு காலத்தில் தூத்துக்குடி வழியாகவே போனது. அந்தக் கரையில் அவர் பெயரைச் சொல்லி ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.

அப்புறம் கடைகள். முத்து என்று விற்பதெல்லாம் இந்தக் கடல் முத்து அல்ல. இங்கே முத்துக்குளிப்பு 1960களின் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. பவளப்பாறைத் துண்டு, கடல்குதிரை யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள், வனவிலங்குச் சட்டத்தில் தடை. முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துச் செய்யும் மக்ரூன் வாங்கலாம். பெட்டியில் காற்றுப் புகாமல் கட்டித் தரச் சொல்லுங்கள், கைப்பையில் வையுங்கள். ஈரம் பட்டால் நமுத்துவிடும்.